வெள்ளிக்கிழமைக் கறிபாப்

பிரிக்பீல்ட்ஸ்,
18.8.1992

அன்பு மகள் புனிதவதிக்கு,

முருகன் காவலில் நாங்கள் மூவரும் சுகம், நீயும் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். பதில் பிந்திவிட்டது. ஆராய்ச்சிக்காக இன்னும் ஆறு மாதம் தான்சானியாவில் தங்கட்டுமா என்று நீ கேட்டதற்கு அப்பா, அம்மா சொன்னால் சரி என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆகவே முடிவு என் தலையில்.

அங்கே வேட்டையாடி வாழும் சனங்களின் ஐந்து வயதுப் பிள்ளைகள் காட்டில் தாங்களே பழம் பறித்து, கிழங்கு கிண்டி, நின்ற இடத்திலேயே தின்கிறார்கள், பெரியவர்கள் போகிற தூரத்துக்குப் போகாமல் குட்டைக் காலுக்கும் சின்னக் கைக்கும் எது லாபமோ அதையே தேடுகிறார்கள், அது பெரியவர்களாவதற்கான ஒத்திகை மட்டுமில்லை, அன்றைய பசிக்கு அன்றே பலன், மனிதப் பிள்ளைக்கு மட்டும் பரிணாமம் ஏன் இவ்வளவு நீண்ட பிள்ளைப் பருவத்தைக் கொடுத்தது என்பதற்கு இதில் விடை தேடுகிறீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். உன்னை மடியில் வைத்துக்கொண்டு டிகிரி முடித்தவள் நான், விளங்காமல் இல்லை. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, அதுகளுக்குச் சோறூட்ட ஆளில்லையா என்பதுதான். உனக்கும் அங்கே ஆளில்லையே.

இங்கே உன் தங்கை ராசேஸ்வரி ஏழு வயதிலும் நான் ஊட்டினால் நாலு வாய், அதற்கும் கதை சொல்ல வேண்டும். உருகிப் போகிறாள் என்று பயந்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் நிறுத்துப் பார்த்து, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாள், நீங்கள்தான் மெலிந்துவிட்டீர்கள் என்று டானிக்கை எனக்கு எழுதித் தந்தார். தராசில் பிழை என்று நினைத்துப் போன வெள்ளிக்கிழமை, விளையாடப் போகிறேன் என்று கிளம்பியவளை ஒளிந்து ஒளிந்து பின்தொடர்ந்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்சந்தில் செரி மரம், தாழ்ந்த கிளையில் சிவந்த பழத்தை மட்டும் பறித்தாள். பக்கத்து ஜம்பு மரத்தின் உச்சிப் பழத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்தாள். அடுத்து வேலி ஓட்டைக்குள் நுழைந்தாள், நானும் நுழைந்தேன், என் சேலை கம்பியில் மாட்டி அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் கறிபாப் பொரித்து விற்கிற பரீதா ஆன்டி வீட்டுப் பின்வாசல். மாவுக்குள்ளே வைத்து மடிப்பது ஆட்டிறைச்சி, நம் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மரக்கறி.

ராசி கேட்டாள், "ஆன்டி, இண்டைக்கு வெள்ளி. இறைச்சி போடாதது இருக்கா?"

உனக்கென்றே உருளைக்கிழங்கில் தனியாகப் பொரித்திருக்கிறேன் லா என்ற பரீதா, வீட்டில் சாப்பிடுவதே இல்லையா என்றும் விசாரித்தார்.

"சாப்பிடுவன் ஆன்டி. நான் சாப்பிடாட்டி அம்மா அழுவா, பாவம். அதால கொஞ்சம் தின்னுறனான்."

வேலியில் தொங்கியபடியே எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பரீதா ஓடிவந்து சேலையை விடுவித்து, எனக்கும் ஒரு கறிபாப் தந்தார். ராசி தன் செரிப் பழத்தில் பாதியை என் கையில் வைத்து, வேலிக்குள் வர நீங்கள் பெரிய ஆள் அம்மா, முன்வாசலால் வாருங்கள் என்று புத்தி சொன்னாள்.

மகளே, நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று எழுதுவது இந்த வகைதானோ? போகட்டும். ஆறு மாதமும் இருந்து முடித்துக்கொண்டு வா. மலேரியா மாத்திரையை மறக்காதே, தண்ணீரைக் கொதிக்க வை. புதருக்குள் போகும்போது பிள்ளைகளை முன்னே விடு என்று எழுதிவிட்டு, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன், அந்தக் கறுப்புக் கோடு அதுதான். எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் அக்காவுக்கும் பங்கு தருவார்களா என்று ராசி பக்கத்தில் நின்று கேட்கிறாள். அதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும், டானிக் குடிக்கும்,
அம்மா குணபூசணி