என் கைக்குத் தெரிந்தது

இன்று மத்தியானம் தக்காளிக் குழம்பில் மீன் கொதித்த மணம் இத்தாலியில், ஒரேத்தோ தெருவில் இருக்கும் என் வீடு முழுக்கப் பரவியது. கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தேன். உன் செனகல் மீன் சோறு, தோழி. நீ கண்மூடி மூன்று வருடமாகிறது. உப்பு மட்டும் உன்னுடையதைவிட என்னுடையதில் சரி.

தொண்ணூறுகளில் நாம் ஒரே சிஞ்ஞோரா எசமானியம்மா வீட்டில் வேலை செய்தோம். நான் சமையல், நீ துப்புரவு. மிச்ச நேரத்தில் ஆபிரிக்கக் கல்வித் தத்துவம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு எழுதினாய். தேறாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி முடிந்து நீ ஊர் திரும்பவேண்டும். பிள்ளை கற்பதை அதன் உடம்பு உணர்ந்ததிலிருந்து தொடங்கிப் பார்க்கவேண்டும் என்பாய். அந்த முறையின் நீண்ட பெயர் என் வாயில் நுழையவே இல்லை.

ஒரு வியாழன், நம் ஓய்வுப் பிற்பகலில், கால்சாப் பகுதியில் இருந்த உன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாய். நடுவில் ஒரே தாம்பாளம். எல்லாரும் அதிலிருந்தே கையால் அள்ளுவது உங்கள் வழக்கம். எனக்கோ பிறர் கை பட்ட சோறு எச்சில். வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். வாடிய உன் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகி உண்மையைச் சொல்லிவிட்டேன். கோபிப்பாய் என்று பயந்திருக்க, நீயோ கொப்பியைத் தேடி ஓடினாய்.

"யோசிக்கிறதுக்கு முதல் உன்ரை கை என்ன செய்தது? அதை மட்டும் சொல்லு," என்றாய். நாம் கதைத்தது உடைந்த இத்தாலியனில். ஆனால் என் நினைவில் நீ எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாய்.

விரல்கள் தாமாக மடங்கின என்றேன். யார் கற்பித்தது என்று கேட்டாய். ஒருவரும் இருத்திவைத்துச் சொல்லித்தரவில்லை என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. பிறகு துணிந்து கை வைத்தேன். நீ கதையை நிறுத்தாமலே நல்ல மீன் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாய். "இதையும் எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை," என்றாய்.

பேராசிரியர்கள் முன் ஆய்வை வைத்த நாளில் நான் பின்வரிசையில் இருந்தேன். சாப்பாட்டில் என்ன தத்துவம் என்று ஒருவர் இழுத்தார். நீ என்னைக் கைகாட்டினாய், பாவி. எழும்பி, எச்சிலையும் மீனையும் என் சமையலறை இத்தாலியனில் சொல்லி முடித்தேன். அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நீ தேறினாய். மொண்டெல்லோ கடற்கரையில் அன்று நாம் ஆடிய ஆட்டத்தை ஊரே பார்த்தது.

இன்றும் தாம்பாளத்தை நடுவில் வைத்தேன். மகள் வரப் பிந்தியதால் தனியே தொடங்கினேன். பாதியில் பார்த்தால், நல்ல துண்டு எதிர்ப்பக்கம் கிடக்கிறது. எப்போது தள்ளினேனோ தெரியாது. மகள் வந்து எதிரே இருந்தாள்.

"அம்மா, இது எனக்கோ?"

"ஓம், சாப்பிடு."

அவள் அதில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் கதையைத் தொடங்கினாள். அதை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை.