சுமைக்கு விட்ட ஐம்பது மில்லிமீட்டர்

2025 ஜூலை 14, திங்கள்

மாலை 4.20. முன் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை 440 மில்லிமீட்டர். பின்னால் 490. வித்தியாசம் ஐம்பது.

இந்த ஐம்பதுதான் முனீப் மச்சானின் மானப் பிரச்சினை. என் அக்கா, சுஹைரா ராத்தாவைக் கட்டியவர். மீன் வியாபாரம். பின் சில்லு மட்டும் இழுக்கும் பழைய பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். கிண்ணியாத் துறையில் மற்ற வண்டியெல்லாம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, இவருடையது மட்டும் முன்னால் தாழ்ந்து நிற்கிறது. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்துக் கிடக்கிற ஆளைப் பார்த்த மாதிரி, காலையில் எவனோ கேட்டிருக்கிறான்: “முனீப், உன்ட வண்டி இன்னும் சுஜூதுல இருந்து எழும்பல்லயா?”

“சிரிக்காம செஞ்சு தா மச்சான். நீதானே படிச்சவன்” என்றார் என்னிடம்.

ஓம், நான்தான் படிச்சவன். கொழும்பில் மூன்று வருடம் மெக்கானிக் படிப்பு. இரண்டு போல்ட் திருகினால் முடிகிற வேலை. இதற்குப் போய் அரை மணி நேரக் கதை.

ஜூலை 15, செவ்வாய்

முடிந்தது. முன் 488, பின் 490.

இந்த வண்டிக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக நீளமான உருக்குக் கம்பி — டோர்ஷன் பார். அது முறுகி நிற்கும். எஞ்சின், கேபின், ஏறி உட்காரும் ஆள், எல்லாம் அந்த முறுக்கில்தான். புத்தகத்தில் எத்தனையோ தரம் பார்த்த படம். இன்று போல்ட்டைத் திருகிவிட்டு ஜாக்கியை இறக்கினேன். வண்டி பழைய இடத்துக்குப் போகவில்லை. இரண்டு விரல் மேலே நின்றுவிட்டது. அவ்வளவு இரும்பையும் தாங்கி நிற்கும் கம்பி என் பெருவிரல் தடிப்புத்தான். சிமெந்தில் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் சுற்றிச் சுற்றி வந்தார். “இப்பதான்டா வண்டி ஆம்புள!”

ராத்தா வயிற்றில் கை வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் நின்றாள். இது ஏழாம் மாதம். “மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. நான் ஏறுறதுக்கு ஏணி ஆர் தருவா?”

ஜூலை 16, புதன்

துறையில் நாலு பேர் என் கராஜ் எங்கே என்று விசாரித்தார்களாம். நல்லது.

ஜூலை 17, வியாழன்

ஆத்திரம். யாரில்?

வியாழன்தோறும் மச்சான் விடியுமுன்னே ஐஸ் போட்ட மீனோடு திருகோணமலை டவுனுக்குப் போவார். ராத்தாவையும் ஏற்றிப்போய் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் விடுவார். இன்று கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதே ஸ்டியரிங் காகிதம் பிடித்த மாதிரி லேசாகிவிட்டதாம். எதிரே ஒரு ஆட்டோ. இவர்களுடைய லைட் நேரே அவன் கண்ணில். கண் தெரியாமல் பாலக் கம்பியில் உரசிக்கொண்டு வந்து, குறுக்கே நின்றுவிட்டான். மச்சான் பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறார். இடையில் ஒரு முழம். யாருக்கும் ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆட்டோக்காரன் பேர் பிரவீனன். டவுன் ஆள். பத்து மணிக்கு கராஜுக்கே வந்துவிட்டான், உடைந்த பக்கக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு.

“அந்த வண்டியத் தூக்கினது நீங்களோ?”

“ஓம்.”

“பாலத்தில லைட்ஹவுஸ் ஒண்டு நடந்து வருது எண்டு நினைச்சன் அண்ணை.”

சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். கண்ணாடியை வாங்கி வைத்தேன்.

ராத்தா பஸ்ஸில் திரும்பி வந்தாள். பஸ்ஸில்! இந்த வயிற்றோடு, பாதி வழி நின்றுகொண்டு. “நான் இனி அதுல ஏறமாட்டன் தம்பி. கண்ண மூடிட்டன். புள்ள உள்ளுக்க ஒரு சுத்துச் சுத்திச்சு. நீ கோவிச்சுக்காத.”

நான் கோவிக்கவா? நானா?

இப்போதுதான் கணக்குப் போடுகிறேன். அறுநூறு கிலோ ஏற்றினால் பின்பக்கம் ஐம்பது சொச்சம் இறங்கும். முன்பக்கத்தை நான் ஏற்கனவே நாற்பத்தெட்டு தூக்கிவிட்டேன். முப்பது மீட்டர் தூரத்தில் வெளிச்சம் ஒரு மீட்டர் மேலே போய்விடும். எதிரே வருகிறவனின் கண் இருக்கிற இடம். லைட்டை நான் தொடவே இல்லை. வெறும் வண்டியை அளந்திருக்கிறேன் — மீன் வண்டியை, மீன் இல்லாமல். மடையன்.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து டவுனுக்குப் போனேன், பிரவீனனுக்குக் கண்ணாடி தேட. அந்த மாடல் இல்லையாம், செவ்வாய் வரும். வழியில் சீனன்குடாப் பக்கம் ஒரு கோதுமைக் கப்பல் வந்து நின்றது. முழுச் சுமை. உடம்பு பாதிக்கு மேல் தண்ணீருக்குள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மட்டம், கோடு கீறின மாதிரி.

ஜூலை 22, செவ்வாய்

கண்ணாடியை வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். பிரவீனன் அதில் தலைமயிரைச் சரிசெய்துகொண்டான். “இப்ப வடிவா இருக்கிறன்” என்றான். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அதே கப்பல்தானா? கோதுமையெல்லாம் இறக்கியாயிற்று. சிவப்பு வயிறு ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு வெளியே. பின்பக்கம் ஆழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்து, கோணலாக நிற்கிறது. குடா முழுக்க அலையில்லாமல் மட்டமாகக் கிடக்க, அதன்மேல் இவ்வளவு பெரிய ஒரு சாய்வு. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இந்தக் கோணலை ஒருவரும் திருத்தப் போகவில்லை. அது வெறுமையாக இருக்கும்போது அழகாக நிற்கவென்று கட்டின கப்பல் இல்லை.

பிக்கப் மூக்கைக் குத்தி நிற்கிறது, கப்பல் தூக்கி நிற்கிறது. பக்கம்தான் வேறு, கணக்கு ஒன்று. எந்த நாட்டிலோ ஒரு மேசையில் இருந்து இந்த வண்டியை வரைந்தவன், கிண்ணியா எங்கே என்று தெரியாதவன், எவனோ ஏற்றப்போகிற சுமைக்கு ஐம்பது மில்லிமீட்டர் விட்டுவைத்திருக்கிறான். நான் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தினேன். இந்தக் குடாவைப் பார்த்துக்கொண்டே இருபத்தாறு வருடம் வளர்ந்தவன்!

வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே மச்சானிடம் போனேன்.

“இறக்கவேணும்.”

“என்ன வெளாட்டா? திரும்பவும் சிரிப்பானுகள்.”

“சிரிக்கட்டும். ராத்தா பஸ்ஸுல நிக்கிறா.”

குசினிக்குள் ராத்தா சட்டி கழுவும் சத்தம் நின்றது. மச்சான் வண்டித் திறப்பை என் பக்கம் எறிந்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 23, புதன், மாலை 5.10

போல்ட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பிறகு மச்சானை வைத்து அறுநூறு கிலோவையும் ஏற்றுவித்தேன் — பெட்டி, ஐஸ், எல்லாம். தண்ணீர் சொட்டச் சொட்ட அளந்தேன். முன் 436. பின் 438. நம்ப ஏலாமல் நாடாவை மச்சானிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். அவருக்கும் அதே. வண்டி நிலத்துக்குச் சமமாக, அசையாமல், அந்தச் சுமைக்கென்றே பிறந்த மாதிரி நின்றது.

மச்சான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “இத முதல்லயே அளந்திருக்கலாமேடா” என்றார்.

“ஓம்.”

இனிச் செய்ய வேண்டியது:

1. இருட்டினதும், சுமையை இறக்காமல், சுவரில் அடித்து லைட்டைச் சரிபார்ப்பது.

2. சுமையோடு ஓடும் உயரத்தில் முன் சில்லுகளின் சாய்வைத் திரும்பப் பார்ப்பது.

3. விசாரித்த அந்த நாலு பேரிடமும், என்ன ஏற்றுகிறீர்கள் என்று கேட்காமல் ஸ்பானரைத் தொடுவதில்லை.

4. நாளை விடியுமுன் பாலம் கடக்கும் மட்டும் பின்னால் மீன் பெட்டிகளோடு நானும் இருப்பது.

5. ராத்தாவைக் கூப்பிடுவதில்லை, கெஞ்சுவதுமில்லை. அவளாக வந்து ஏறினால், பேசாமல் கதவை மெல்லச் சாத்துவது.