நதாலேவுக்கு வராத பந்து

ரொன்செல்லோ, 13 அக்டோபர் 1912

அன்பு மகன் எவாசியோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு அந்த ஒரு குறைகூட இருக்கக் கூடாது.

தையல் மெஷின் வந்து சேர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்த வண்டிக்காரன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். நல்ல பனிமூட்டம். தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. எதிர் வீட்டு ஒத்தாவியாவின் மகன் நதாலேதான் ஓடிவந்து உள்ளே தூக்கி வைத்தான். அவன் வாய் சும்மா இருக்குமா?

"என்ன அத்தை, எவாசியோவைக் குடுத்துட்டு இத வாங்கிக்கிட்டீங்களா? நல்லதுதான். இது ஊர் சுத்தாது, வீட்டுல கெடக்கும். என் காலுக்கு ஒரு கரண்டியாவது தருவாங்களான்னு டூரின்காரங்கள கேட்டுச் சொல்லுங்க."

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் போகும்போது வாசலில் நின்று, "அவன் இல்லாம நான் போடுற பந்தெல்லாம் வேலியத்தான் முட்டுது அத்தை" என்றான். உண்மைதான். அவன் இடது ஓரத்தில் ஓடிவந்து பந்தைப் போடுவதும், நீ நடுவில் பாய்ந்து அதைக் கோலாக்குவதும் ஒரே ஆள் செய்கிற மாதிரி இருக்கும். இப்போது பாதி ஆள்தான் ஓடுகிறது.

நம் ஊர் அணியை விட்டு வந்ததற்காக உன் புதிய டூரின் கால்பந்துச் சங்கத்துப் பெரியவர்கள் மெஷின் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். புண்ணியவான்கள். மாதா முன்னால் அவர்களுக்காக ஒரு மெழுகுத்திரி ஏற்றினேன். இருபத்தாறு வருடம் நெல் வயலில் குனிந்து களை பறித்தாயிற்று. வருகிற மே மாதம் எல்லோரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கும்போது நான் வீட்டில் உட்கார்ந்து தைப்பேன்.

தொழிற்சாலையில் உனக்குக் கணக்கெழுதும் வேலை என்கிறாய். உன் கையெழுத்தில் எழுதினால் அந்தத் தொழிற்சாலை தப்புமா? கழுத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஆடு.

உன்னைப் பெற்றவள்,
செகோந்தினா

*

டூரின், 26 ஜனவரி 1913

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். ஏழு ஆட்டத்தில் பதினோரு கோல் போட்டிருக்கிறேன். பேப்பரில் என் பெயர் வருகிறது. தொழிற்சாலையில் வேலையே வைப்பதில்லை, சம்பளம் மட்டும் தவறாமல் வருகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய செய்தி ஒன்று. வசந்தத்தில் வெளிநாட்டு அணியோடு ஆட நாட்டு அணிக்கு என்னை எடுக்கப்போகிறார்கள். நீலச் சட்டை அம்மா. அளவுகூட எடுத்தாகிவிட்டது.

ஒரு விஷயம். மெஷினைப் பற்றி ஊரில் யாரிடமும் சொல்லாதே. நதாலேவிடமும் சொல்லி வை. ஏன் என்று நேரில் வந்து சொல்கிறேன்.

உன் மகன்,
எவாசியோ

*

ரொன்செல்லோ, 9 மார்ச் 1913

அன்பு மகனுக்கு,

நீலச் சட்டை என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் குடித்தே செத்திருப்பார், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

நீ சொன்னபடி மெஷினைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறேன். ஊர்க் கண் பொல்லாதது என்று எனக்குத் தெரியாதா? துணி கொடுக்க வருகிற பெண்களிடமெல்லாம் கையால் தைத்தேன் என்றுதான் சொல்கிறேன்.

இன்று பூசை முடிந்து வந்தபோது டூரினிலிருந்து ஒரு பெரிய மனிதர் வாசலில் நின்றார். கையுறை, தங்க மூக்குக் கண்ணாடி. உன்னைப் பற்றித்தான் விசாரித்தார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பன்றிக்கொழுப்பும் அவரை விதையும் போட்டுச் சோறு கிண்டியிருந்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டார். மீதியை நான் சொல்ல மாட்டேன். பேப்பரில் வரும், பார்த்துக்கொள். அம்மாவையும் பேப்பரில் போடுவார்கள் என்று நீ நினைத்திருக்க மாட்டாய்.

உன்னைப் பெற்றவள்,
செகோந்தினா

*

டூரின், 20 ஏப்ரல் 1913

அம்மா,

கால்பந்துச் சம்மேளனத்து விசாரணை முடிந்தது. ஆடுவதற்கு யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பது சட்டம். தொழிற்சாலை வேலை பொய் வேலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மெஷினையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு வருடம் நான் எந்த மைதானத்திலும் ஆடக் கூடாது. நீலச் சட்டையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தோளில் கொஞ்சம் பிரித்துத் தைத்தால் அவனுக்குச் சரியாக இருக்குமாம்.

மெஷினைத் தூக்கி உள்ளே வைத்தவன் ஒருவன்தான். ஊர் அணிக் காரியதரிசிக்கும் எழுதிவிட்டேன். நதாலேதான் காட்டிக்கொடுத்தான். அவனை நம் படி ஏற விடாதே. நான் இனி ஊருக்கு வர மாட்டேன். வார்ப்படப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இது நிஜ வேலை.

நீ அழாதே.

எவாசியோ

*

ரொன்செல்லோ, 16 நவம்பர் 1913

அன்பு மகனுக்கு,

இது நான்காவது கடிதம். நீ மூன்றுக்குப் பதில் போடவில்லை. கை வலிக்கிறதா, மனம் வலிக்கிறதா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

ஒத்தாவியா வீட்டுக் கதவில் யாரோ தாரால் யூதாஸ் என்று எழுதிவிட்டார்கள். அவள் தினமும் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்க்கிறாள். தார் போகவில்லை, மரம்தான் தேய்கிறது.

போன ஞாயிறு ஆட்டம் பார்க்கப் போனேன். பதினோரு பேர் வேண்டும் என்பதற்காக நதாலேவைச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிள்ளை ஆட்டம் முழுக்க இடது ஓரத்தில் மேலேயும் கீழேயும் ஓடினான். ஒருவனும் அவனுக்குப் பந்து போடவில்லை. ஒரு தடவைகூட இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற கசாப்புக் கடைக்காரன், "ஓடு ஓடு, டூரினுக்கே ஓடிப் போய் இன்னொருத்தனையும் சொல்லிக் குடுத்துட்டு வா" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எதிரணிக்காரன் தப்பாக உதைத்த பந்து ஒன்று உருண்டு வந்து நதாலே காலில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு அவன் ஓடவே இல்லை. குனிந்து கையால் எடுத்து நடுவரிடம் கொடுத்துவிட்டு, மைதானத்தை விட்டு வெளியே நடந்தான். என்னைத் தாண்டித்தான் போனான்.

"அத்தை, நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?" என்று கேட்டான்.

"வீட்டுக்குப் போப்பா, வேர்த்திருக்கு" என்றேன்.

எவாசியோ, அவனாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? காரியதரிசிக்கு ஒரு வரி எழுதேன். யார் சொன்னது என்று தெரியவில்லை என்றாவது எழுது.

உன்னைப் பெற்றவள்,
செகோந்தினா

*

ரொன்செல்லோ, 17 செப்டம்பர் 1916

மகனே,

கார்சோ மலைப் போர்முனையில் ஆகஸ்டு மாதம் நதாலே இறந்துவிட்டான் என்று நேற்று பங்குச் சாமியார் ஒத்தாவியா வீட்டுக்கு வந்து சொன்னார். கதவு திறந்தே இருந்தது. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கதவைத் தேய்க்கிற பிரஷ் சத்தம் மட்டும் கேட்டது.

நீயும் அந்த மலையில்தான் இருக்கிறாய் என்பதால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருமோ வராதோ. வந்தால் முழுவதும் படி. மூன்று வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது இது.

சொன்னது நான்.

அந்தக் கண்ணாடிக்காரர் வந்தாரே, அவரிடம் நான்தான் போர்வையைத் தூக்கிக் காட்டினேன். அவர் பேப்பர்காரர் என்று நினைத்தேன், சம்மேளனத்து ஆள் என்று தெரியவில்லை. "பாருங்க ஐயா, எம்மவனோட காலுக்காக ஒங்க ஊருப் பெரியவங்க குடுத்தது. இந்த ஊர்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னான். நீங்க டூரின்காரர், ஒங்களுக்குத் தெரியாததா?" என்றேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வீட்டில் இருக்கும் நல்ல பொருளைக் காட்டாமல் எப்படி அனுப்புவது? அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். தொழிற்சாலை பற்றிக் கேட்டார். "அங்க வேலையே இல்லாம மாசச் சம்பளம் குடுக்கறாங்க, அவ்வளவு மரியாதை" என்றேன். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார். நெருக்கமான எழுத்து, எனக்குப் படிக்க வரவில்லை. பேப்பரில் போட என் பெயர் வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது தட்டுச் சோற்றை அதற்கு அப்புறம்தான் சாப்பிட்டார்.

உன் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. எழுத உட்கார்ந்தேன். அம்மாதான் உன் நீலச் சட்டையைப் பறித்தாள் என்று எந்தக் கையால் எழுதுவது? அடுத்த வாரம் எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் கதவில் தார் ஏறிவிட்டது. பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்வது முந்தைய வாரத்தைவிடக் கஷ்டமாகிவிட்டது. விருந்தாளி வந்ததை உனக்கு எழுதியிருந்தேனே, நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்றும் காத்திருந்தேன். அந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லையா?

இரண்டு வருடம் முடிந்து நீ ஒரே ஒரு ஆட்டம் ஆடினாய். அடுத்த ஞாயிறு போர் என்று மைதானத்தை மூடிவிட்டார்கள். உன் வாழ்வும் நதாலேவின் வாழ்வும் என் அடுப்படியில் ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால் போயிற்று. இப்போது அந்த மெஷினில் ராணுவத்துக்குச் சட்டை தைக்கிறேன். நதாலே விழுந்தபோது போட்டிருந்தது நான் தைத்ததாகவும் இருக்கலாம்.

என்னைத் திட்டி ஒரு வரி போடு. திட்டாமல் இருந்துவிடாதே.

அம்மா

*

வெரோனா, ராணுவ மருத்துவமனை, 15 அக்டோபர் 1916

அம்மா,

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெஷினுக்கு மாற்றாகக் கொடுத்த அதே கால். வருத்தப்படாதே, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடியாயிற்று. டூரினில் மொத்தமே அரை வருட ஆட்டம்.

நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். விசாரணையில் அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தார்கள். உன் கையெழுத்து வழக்கம்போல ஆரம்பத்தில் மேலே ஏறி முடிவில் கீழே வழுக்கியிருந்தது. "இது உன் தாயாருடையதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். உன் மார்ச் மாதக் கடிதமும் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

வெளியே வந்ததும் யார் சொன்னது என்று அணிப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற தாயே காட்டிக்கொடுத்தாள் என்று எப்படிச் சொல்வது? சிரித்திருப்பார்கள். உன் கதவில்தான் தார் பூசியிருப்பார்கள். நதாலே என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அதையே ஊருக்கும் எழுதினேன். உனக்கும் எழுதினேன், நீயும் நம்பிவிட்டால் எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் எங்கள் படையும் அவன் படையும் ஒரே பதுங்கு பள்ளத்தில் மூன்று நாள் இருந்தன. அவன் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தான்.

"எவாசியோ, எங்கம்மா மேல ஆணையா நான் சொல்லலடா" என்றான்.

"சரி விடு, பழசு" என்றேன்.

"பழசு இல்லடா. எங்கம்மா இன்னும் கதவத் தேய்க்குது."

நான் ரொட்டியைத் தின்றேன். தெரியும் என்று ஒரு வார்த்தை, அம்மா. அது என் வாயில் ரொட்டியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தான். "ஒன்னோட ஆடினதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, போ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதை யாரிடமும் சொல்லாதே. போனவன் போய்விட்டான். நம் இரண்டு பேரை விட்டால் வேறு யாருக்கும் தெரியாது.

எவாசியோ

*

ரொன்செல்லோ, 5 நவம்பர் 1916

எவாசியோவுக்கு,

உன் காலுக்காக இரண்டு நாள் அழுதேன். நீ சின்னதில் அந்தக் காலால்தான் என் வயிற்றில் உதைப்பாய், வலது பக்கம். மூன்றாவது நாள் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அதற்கு அப்புறம் அழுகை வரவில்லை.

யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை அது ஏன் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தெரிந்தே சொன்னேன்.

இரண்டாம் தேதி, இறந்தோர் நாளன்று, ஊரே கல்லறையில் கூடும் அல்லவா? நதாலேவுக்குக் கல்லறை இல்லை, எலும்பு மலையில் கிடக்கிறது. ஒத்தாவியா தன் மாமியார் கல்லறைமேல் அவனுக்கும் ஒரு திரி ஏற்றிக்கொண்டிருந்தாள். காரியதரிசி இருந்தார், கசாப்புக் கடைக்காரன் இருந்தான், உன்னோடு ஆடியவர்களில் போருக்குப் போகாதவர்கள் இருந்தார்கள். நான் சத்தமாகத்தான் சொன்னேன். நான் சொன்னதையும் சொன்னேன், நீ செய்ததையும் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

ஒத்தாவியா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒம்மவனுக்கும் தெரியுமா? மொதல்லேர்ந்தா?" என்று கேட்டாள்.

"மொதல்லேர்ந்து."

"எம்மவன் செத்தப்பவும்?"

"அப்பவும்."

நான் விலகப் போனேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "நகராம நில்லு. காத்தடிக்குது, திரி அணைஞ்சிடும்" என்றாள். நின்றேன். திரி முழுவதும் எரிந்து தீரும்வரை என்னை அங்கேயே நிற்க வைத்தாள். ஊர் முழுக்கக் கலைந்து போயிற்று. பிறகு அவளும் போய்விட்டாள்.

மெஷினை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். காலையில் என் வாசலிலேயே இருந்தது. எப்படித் தனியாகத் தூக்கினாளோ.

உனக்கு இந்த வீட்டில் கட்டில் இருக்கிறது. ஒற்றைக் காலோடு எத்தனை வருடம் ஆனாலும் சோறு போடுவேன், குளிப்பாட்டிக்கூட விடுவேன். ஆனால் ஸ்டேஷனிலிருந்து வந்ததும் நம் கதவைத் தட்டாதே. முதலில் எதிர்க் கதவைத் தட்டு. அவள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், நதாலேவிடம் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை அங்கே சொல். அதைச் சொல்லாமல் நீ என் கதவைத் தட்டினால், திறக்க என் கால் எழுந்திருக்காது. உன்னைப் பெற்ற பாவத்துக்கு இதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பதில் வேண்டாம். ஒத்தாவியா வீட்டுக் கதவு சத்தம் என் அடுப்படிக்கு நன்றாகக் கேட்கும்.

செகோந்தினா

*

ரொன்செல்லோ, 2 நவம்பர் 1917

எவாசியோவுக்கு,

உன்னை மருத்துவமனையிலிருந்து ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டார்கள் என்று பங்குச் சாமியார் விசாரித்துச் சொன்னார். எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் பட்டறை முகவரிக்கே போடுகிறேன்.

இந்த வருடமும் ஒத்தாவியா என்னைக் காற்றுக்கு மறைப்பாக நிற்க வைத்தாள். இப்போதுதான் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன்.

எதிர்க் கதவைத் தட்டும் சத்தம் இதுவரை கேட்கவில்லை.

அம்மா