நிறுத்தியது: இலக்கியா

2025 ஜூன் 2, திங்கள்

அண்ணன் இன்னிக்கி நாள் குறிச்சிட்டாரு. மாசக் கடைசி. அதுக்குள்ள பில்டு தானா ஓடணும், தானா டெஸ்ட் ஆவணும், தானா பெட்டிக்குப் போவணும். இல்லன்னா? "இல்லன்னா பழைய மாதிரி சூர்யா லேப்டாப்புலயே போட்டுக்கலாம். நீ போயி காலேஜ முடிச்சிட்டு வாம்மா." எங்க மொதலாளி வசந்தகுமார் அண்ணன் வேலைய விட்டுத் தூக்குறேன்னு சொல்றப்பகூட சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாரு. அதான் அந்தச் சிரிப்ப நான் நம்புறதில்ல.

காலேஜ முடிக்கவாம். மூணாவது வருஷம் திருச்சில இருந்து பொட்டியத் தூக்கிட்டு வந்தவ மறுபடியும் போவாளாக்கும்.

நாங்க செய்யிறது ஒண்ணும் ராக்கெட் இல்ல. போர் மோட்டார் பக்கத்துல ஒரு பெட்டி, உள்ள ஒரு சிம்மு. விவசாயி வீட்டுல இருந்தே போன்ல தட்டுனா மோட்டார் ஓடும், தட்டுனா நிக்கும். பெட்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர் கோட மாத்துனா, அதக் கட்டி ஒரே ஃபைலாக்கி எல்லாப் பெட்டிக்கும் அனுப்பணும். அந்தக் கட்டுறதுதான் பில்டு. இத்தன நாளும் சூர்யபிரகாஷ் அவன் லேப்டாப்புல கட்டுனான். மே மாசம் பழைய கோட கட்டி அனுப்பிட்டான். வடகாட்டுப் பக்கம் ஒரு மோட்டார் தட்டத் தட்ட நிக்காம ஓடி, காயில் எரிஞ்சிருச்சு.

யாரு லேப்டாப்பும் வேணாம், ஒரு மிசினு போதும்னு அப்ப சொன்னவ நான். சூர்யா மூஞ்சி அன்னிக்கே மாறிருச்சு. நான் பாத்தேன்.

ஜூன் 5, வியாழன்

மாடி ரூம்ல கெடந்த பழைய கம்ப்யூட்டர தூசி தட்டி பில்டு மிசினாக்கிட்டேன். "இது போன போகிக்கே எரிஞ்சிருக்க வேண்டியதுல்ல?"ன்னான் சூர்யா. சிரிச்சான். சும்மாவா சிரிச்சான்?

ஜூன் 9, திங்கள்

ஓடிருச்சு!

மேசை மேல ஒரு டெஸ்ட் பெட்டி. மோட்டாருக்குப் பதிலா ஒரு குண்டு பல்பு. புது பில்டு வந்தா மிசினு மொதல்ல இந்தப் பெட்டிலதான் ஏத்தும். ஓடுன்னா பல்பு எரியணும், நில்லுன்னா அணையணும். சரியா இருந்தா ஸ்கிரீன்ல பச்சை. பச்சை விழுந்தா ஊருல இருக்குற அத்தன பெட்டிக்கும் தானாப் போயிரும். மொத்தம் பன்னெண்டு நிமிஷம். சாயங்காலத்துக்குள்ள மூணு தடவ ஓட்டுனேன். மூணும் பச்சை. அண்ணன் பல்பப் பாத்து கையத் தட்டுனாரு. சூர்யா தட்டல. ஹெட்போன மாட்டிக்கிட்டான்.

ஜூன் 10, செவ்வாய்

செல்வராணி அக்காவுக்குப் பில்டு பத்திச் சொல்லிக் குடுத்தேன். அண்ணனோட ஒடம்பொறந்த அக்கா. விவசாயிங்க போன் எல்லாம் அதுதான் எடுக்கும். புது பில்டு எப்பப் போவுதுன்னு தெரிஞ்சாதான கேக்குறவங்களுக்கு பதில் சொல்ல முடியும்? ஆபீஸ் போன்லயே ஏத்திக் குடுத்துட்டேன். பில்டு ஆரம்பிச்சா டிங்குன்னு அடிக்கும்.

"இது என்னம்மா செவப்பா?"

"நிறுத்துற பட்டன்க்கா. ஏதாச்சும் தப்பா ஓடுனா அமுக்கிருங்க, நின்னுரும்."

மே மாசம் மோட்டார் எரிஞ்சப்ப வந்த ஏச்சு அத்தனையும் வாங்குனது அந்த அக்கா காதுதான். ஆனா எங்ககிட்ட வந்து ஒரு வார்த்த கத்தல.

ஜூன் 11, புதன்

பில்டு பாதில நின்னுருச்சு. 12.40க்கு. பச்சையும் இல்ல, பிழையும் இல்ல. 'நிறுத்தப்பட்டது'ன்னு மட்டும் காட்டுது. ரெண்டு மணிக்கு நானே மறுபடி ஓட்டுனேன், ஒழுங்காப் போயிருச்சு. கரண்டு விட்டு வந்துருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

கரண்டு இல்ல. 11.15க்கு மறுபடி நின்னுருக்கு. லாக்கத் தொறந்து பாத்தேன். யாரு எப்ப என்ன செஞ்சாங்கன்னு மிசினு எழுதி வச்சிக்கிற கணக்கு அது.

நிறுத்தியது: இலக்கியா.

நானா? நான் அப்ப கீழ டீக்கடைல நின்னுக்கிட்டு இருந்தேன்!

எவனோ என் பேர்ல உள்ள போறான். எவனோ என்ன எவனோ. ஆபீஸ்ல கோடு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒண்ணு நான்.

மதியத்துக்கு மேல ஒண்ணும் பேசாம மறுபடி ஓட்டிவிட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா உஷாராயிருவான்.

இனிமே ஒவ்வொண்ணா குறிச்சி வைக்கப் போறேன். செல்வராணி அக்கா சாயங்காலம் பூட்டும்போதே அன்னிக்கி காலண்டர் தாளக் கிழிச்சிரும், காலைல வந்ததும் புதுத் தேதி தெரியணுமாம். அந்தத் தாளுக்குப் பின்னாடிதான் எழுதுறேன். தேதி முன்னாடியே இருக்குல்ல. புதன்கெழம தாளு குப்பக் கூடைலயே கெடந்துச்சு, அதயும் எடுத்துக்கிட்டேன்.

ஜூன் 14, சனி

அம்மா கேக்குது: "ஒன்ன வேலைல வச்சிக்குவாங்களா, மாட்டாங்களா?" எனக்கென்ன தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

பாஸ்வேர்ட மாத்துனேன். யாரும் யூகிக்கவே முடியாத ஒண்ணு. இங்ககூட எழுத மாட்டேன்.

3.20. நிறுத்தியது: இலக்கியா. அஞ்சு மணிக்கு மறுபடி ஓட்டிவிட்டேன்.

நான் டைப் பண்றதப் பின்னாடி நின்னு பாத்துருப்பானோ? காலைல என் சேருக்குப் பின்னாடி வந்து நின்னான். "சார்ஜர் இருக்கா?"ன்னு கேட்டான். அவன் சார்ஜர் அவன் பைக்குள்ள இருந்துச்சு. வயரு வெளில தொங்குனத நான் பாத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இன்னிக்கி பொறி வச்சேன். ஒண்ணும் மாத்தாம சும்மா ஒரு பில்டு ஓட்டிவிட்டுட்டு, சூர்யாவையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருந்தேன். அவன் சாப்பாட்டுப் பையத் தூக்கிக்கிட்டு வெளில போனான். 1.50க்கு நின்னுருச்சு.

அப்பன்னா போன்ல இருந்து பண்றான். பெரிய ஆளுதான்.

திரும்பி வந்து என்னையப் பாத்து, "ஏன் இப்புடி மொறைக்கிற? சாப்பிட்டியா?"ன்னான். நடிப்பு. நாலு மணிக்கு மறுபடி ஓட்டிவிட்டேன்.

வேற ஒரு கவல. வெயில்ல போர்த் தண்ணியெல்லாம் கீழ எறங்கிருச்சு. தண்ணி இல்லாம மோட்டார் சும்மா சுத்துனா காயில் போயிரும். ஆலங்குடிப் பக்கம் ஆண்டியப்பன் ஐயா நேத்தே போன்ல கேட்டாரு, "தண்ணி நின்னா தானா நிக்கிற மாதிரி பண்ண மாட்டியளா?" தென்னங்கன்னு வச்சி ரெண்டு மாசந்தான் ஆவுதாம். அதுக்குக் கோடு எழுதிட்டேன். சூர்யாகூட பாத்துட்டு, "நல்லாருக்கு"ன்னான். அதுல என்ன உள்குத்தோ. நாளைக்கி அனுப்பணும்.

ஜூன் 20, வெள்ளி

 எழுதியே ஆவணும்.

10.50க்குப் பில்ட ஓட்டிவிட்டேன். ஆலங்குடில ஒருத்தருக்குப் புதுப் பெட்டி மாட்டணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஓட ஆரம்பிச்சதப் பாத்துட்டு எறங்கி ஓடிட்டேன். பச்சை விழுற வரைக்கும் நிக்கல. பன்னெண்டு நிமிஷம் நின்னுருக்கலாம். போன்லயும் சார்ஜ் இல்ல.

திரும்பி வந்தா ஆபீஸே கல்லு மாதிரி இருக்கு. ஆண்டியப்பன் ஐயா மோட்டார் எரிஞ்சிருச்சு. ரெண்டு மணி வாக்குல. நான் அப்ப ரெண்டே கிலோமீட்டர் தள்ளி நின்னு இன்னொருத்தர் பெட்டிக்குத் திருகாணி முடுக்கிக்கிட்டு இருந்தேன். ஐயா செல்வராணி அக்காவுக்குப் போன் பண்ணி, "தானா நிக்கும்னு காலைல நீங்கதானம்மா சொன்னீய"ன்னு கேட்டாராம். கத்தலயாம். அதான் அக்காவுக்குத் தாங்கல. கண்ணு செவந்து ஒக்காந்துருக்கு.

லாக்கு. 10.54. நிறுத்தியது: இலக்கியா.

அவ்வளவுதான். நேரா சூர்யா மேசைக்குப் போயிட்டேன்.

"நீதான்டா."

"என்னது நாந்தான்?"

"என் பேர்ல உள்ள போயி நிறுத்துறது. பில்டு ஒன் கைய விட்டுப் போயிருச்சுன்னு வயித்தெரிச்சல். அதுக்கு ஒரு மனுசன் மோட்டாரையா எரிப்ப?"

அவன் எந்திரிச்சான். பதிலுக்குக் கத்துவான்னு பாத்தேன். கத்தல. "மே மாசம் எரிஞ்சது என் தப்புதான். அதுக்கப்பறம் எத்தன நாளு தூங்காம இருந்தேன்னு ஒனக்குத் தெரியுமா? இன்னொரு மோட்டார நானே எரிப்பேனா?" பையத் தூக்கிட்டுப் போயிட்டான். லேப்டாப்ப மூடக்கூட இல்ல.

அண்ணன் இன்னிக்கி சிரிக்கல. "ஆதாரம் வச்சிருக்கியா? திங்கக்கெழம எடுத்துட்டு வா. இல்லன்னா நீ வர வேணாம்."

இருக்கு. அஞ்சு தாளு இருக்கு.

ஜூன் 21, சனி

சூர்யாவுக்குத்தான் சாமர்த்தியமா பேச வரும்னு எனக்குத் தெரியாதா.

தெரியும்தானே?

ஜூன் 23, திங்கள்

அண்ணன் வரதுக்குள்ள அஞ்சு தாளையும் மேசைல பரப்புனேன். நேரம் எழுதுன பக்கம் மேல. தேதி வரிசையா வைக்கணும்னு ஒவ்வொண்ணாத் திருப்புனேன்.

தேதிக்குக் கீழ சின்ன எழுத்துல வழக்கம்போல நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். புதன்: ராகு 12.00 – 1.30. பின்னாடி என் எழுத்துல 12.40. வெள்ளி: 10.30 – 12.00. பின்னாடி 11.15. செவ்வாய்: 3.00 – 4.30. 3.20. வியாழன்: 1.30 – 3.00. 1.50. கடைசி வெள்ளிய திருப்பவே பயமாருந்துச்சு.

சூர்யாவுக்கு இன்னிக்கி என்ன கெழமன்னே தெரியாது. இந்த ஆபீஸ்ல காலண்டர் பாக்குற ஆளு ஒண்ணுதான்.

"அக்கா. பில்ட நிறுத்துறது நீங்களா?"

"ஆமா." சாதாரணமாத்தான் சொல்லுச்சு. "ராகு காலத்துல அனுப்புறீங்க ஒங்க பாட்டுக்கு. மே மாசம் எரிஞ்சது எப்பன்னு நெனச்ச? திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு சூர்யா அனுப்புனது. என் தம்பிட்ட சொன்னா சிரிக்கும். நீதானம்மா சொன்ன, தப்பா ஓடுனா அமுக்குன்னு?"

நான்தான். நான் சொன்னது பில்டு தப்பா ஓடுனா. அக்காவுக்கு நேரம் தப்பா இருந்தது.

"ஆனா வெள்ளிக்கெழம நிறுத்துனது போகவே இல்லக்கா. அதான் ஐயா மோட்டார்…"

"போகலயா? எப்பவும் ராகு காலம் முடிஞ்சதும் தானாப் போயிருமே? டிங்குன்னு மறுபடி அடிக்குமே?"

"அது நான்க்கா. ஒவ்வொரு தடவையும் நான்தான் மறுபடி ஓட்டுனேன். யார்கிட்டயும் சொல்லல."

அக்கா கையில இருந்த பேனாவ மூடுச்சு, தொறந்துச்சு, மூடுச்சு.

லாக்குல என் பேரு ஏன்? ஆபீஸ் போன்ல அன்னிக்கி ஏத்துனது என்னோட ஐடி. அக்காவுக்குத் தனியா போட்டுக் குடுக்க அஞ்சு நிமிஷம் சோம்பேறித்தனம். பாஸ்வேர்ட மாத்துனாலும் ஏற்கெனவே உள்ள இருக்குற போன மிசினு வெளில தள்ளாது. அதயும் நான்தான் பாக்கல. திருடன் திருடன்னு தேடுனேன், கதவத் தொறந்து வச்சதே நான்.

அண்ணன் வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். அக்கா பேரச் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள அதுவே எந்திரிச்சு, "நான்தான் தம்பி"ன்னுச்சு. அப்பறம் போன எடுத்து ஆண்டியப்பன் ஐயாவுக்குப் போட்டுச்சு. "ஐயா, அன்னிக்கி நிறுத்துனது நான்தான்யா." இன்னொரு ஏச்ச வாங்கத் தயாரா கண்ண மூடிக்கிச்சு. அந்தப் பக்கம் என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கல. ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே நின்னுச்சு.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணன் ஐயா மோட்டாரத் தூக்கிட்டு வந்து காயில் கட்டுற கடைல குடுத்துட்டாரு. அது வர வரைக்கும் ஐயா கன்னுக்குக் கொடத்துல ஊத்துறாராம்.

சூர்யா வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே. வாசல்லயே நின்னு, "தப்பா சொல்லிட்டேன். நீ இல்ல"ன்னேன். அழகா பேசணும்னு வழியெல்லாம் ஒத்திகை பாத்துட்டுப் போனது ஒண்ணும் வரல.

"சார்ஜர் கேட்டதுக்கா சந்தேகப்பட்ட?"

அன்னிக்கி நான் பையப் பாத்தத அவனும் பாத்துருக்கான். "…ஒன் பையில இருந்துச்சே."

"அது அந்துபோனது. வயரப் பாத்தியா, தொங்குச்சு."

உள்ள வான்னு கூப்பிடல. ஆனா நாளைக்கி வாரேன்னான்.

ஜூன் 26, வியாழன்

ஆளாளுக்குத் தனித்தனி ஐடி. ஆபீஸ் போன்ல இருந்த என் ஐடிய எடுத்துட்டேன், பழைய கதவெல்லாம் மூடிட்டேன். நிறுத்துனா காரணம் எழுதணும், எல்லாருக்கும் டிங்குன்னு அடிக்கும். சூர்யா ஒண்ணு சொன்னான்: பச்சை விழுந்தாலும் ஒரு ஆளு சரின்னு அமுக்குனாத்தான் வெளில போவணும், அந்த ஆளு அக்காவா இருக்கட்டும். "எப்ப வேணாலும் அமுக்கட்டும். போன் எடுக்குறது அவங்கதான."

"அப்ப ராகு காலம்?"ன்னேன்.

"அத அவங்ககிட்ட கேளு."

நான் கேக்கல.

ஜூன் 30, திங்கள்

மாசக் கடைசி.  சாயங்காலம் அண்ணன் என் மேசைல ஒரு சாவிய வச்சிட்டுப் போனாரு. மாடி ரூம் சாவி.

சூர்யா இப்பல்லாம் டீக்குப் போனாலும் லேப்டாப்பப் பூட்டிட்டுத்தான் எந்திரிக்கிறான். முன்னாடி பூட்ட மாட்டான்.

ஜூலை 11, வெள்ளி

காலைல கீரமங்கலத்துல இருந்து போன். ஒரு பெட்டி நில்லுன்னா நிக்காம ஓடுதாம். போர்ல தண்ணி கம்மி. நானும் சூர்யாவும் ஒரே மேசைல ஒக்காந்து பிழையப் புடிச்சோம். பில்டு ஓடுச்சு. பல்பு எரிஞ்சு அணைஞ்சுச்சு. பச்சை.

மணி 10.49.  சூர்யா ஸ்கிரீனப் பாத்தான். நான் செவுத்துக் காலண்டரப் பாக்கக் கூடாதுன்னு பல்பையே பாத்துக்கிட்டு இருந்தேன். அக்கா பக்கம் டிங்குன்னு அடிச்சிச்சு.

இதான் லாக்கு, அப்புடியே எழுதி வைக்கிறேன்:

அனுமதித்தது: செல்வராணி. 10.51.