தாள் காயும்வரை ஓடும் வீடியோ

அன்புச் சிக்னேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே, அதன் புகார்களையும் எழுத ஆரம்பித்தால் இன்னொரு தபால்தலை ஒட்ட வேண்டிவரும். உன் உடம்பு எப்படி இருக்கிறது, பெர்த்தில் வெயில் கொளுத்துகிறது என்றாயே, வேளைக்குச் சாப்பிடு, கடையில் வாங்கிக் கொறிப்பதையெல்லாம் சாப்பாடு என்று சொல்லாதே. போன வாரம் போனில் அப்பா ஏன் பேச வரவில்லை, கோபமா என்று கேட்டாய். கோபமெல்லாம் இல்லையடி. அது பெரிய கதை. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் ஓவியச் சங்கத்துக் கூடத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்து, தரையெல்லாம் ஊறி, வசந்தம் வரைக்கும் கதவைப் பூட்டிவிட்டார்கள். அப்பாவின் புதன்கிழமை நீர்வண்ண வகுப்பும் அதோடு நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒரு வகுப்பை வைத்துத்தான் மனுஷர் மனுஷராக நடமாடிக்கொண்டிருந்தார், உனக்குத் தெரியாததா. அது நின்றதும் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ரொட்டி வெட்டினால் கோணல், பால்கட்டி சீவினால் பள்ளம், திரைச்சீலையின் நீலம் சுவரின் நீலத்தோடு சண்டை போடுகிறதாம். ஐயோ சாமி, இந்தக் குளிர்காலம் முழுக்க இவருக்கு ஒரே மாணவி நான்தானா என்று நான் பயந்துபோயிருந்த நேரத்தில்தான் சங்கத் தலைவி பெரித் போன் செய்து, வகுப்புகளை வீடியோவாக எடுத்துத் தரமுடியுமா, சங்கத்தின் இணையப் பக்கத்தில் போடுகிறோம் என்று கேட்டாள். நான் நின்ற இடத்திலேயே குதிக்காத குறைதான்.

உன் பழைய தூண்டில் கம்பில் என் செல்பேசியைக் கட்டி, மேசைக்கு மேலே தொங்கவிட்டு எடுத்தோம். பாடம் என்ன, மழைமேகத்துக்குக் கீழே ஒரு தீவு, நான்கு ஊசியிலை மரம். முதலில் தாளை நனைத்து வானத்தைப் பூச வேண்டும், அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மரம். அப்பா வானத்தைப் பூசினார், தூரிகையைக் கழுவினார், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் செல்பேசியை நிறுத்தப் போனால் அதட்டுகிறார். காய்வதையும் காட்ட வேண்டுமாம். அதை வெட்டி எடுத்தால் பார்க்கிறவர்கள் உடனே மரத்தை வைப்பார்கள், ஈரத்தில் மரம் கரைந்து முட்டைக்கோஸ் ஆகிவிடும், அந்தப் பாவம் யாருக்கு என்கிறார். ஒன்றே முக்கால் மணி நேர வீடியோ, சிக்னே. அதில் பாதி வெறும் ஈரத்தாள். நடுவில் ஒருமுறை என் கை குறுக்கே வந்து காப்பிக் கோப்பையை எடுக்கும், அதுதான் அந்தப் படத்திலேயே விறுவிறுப்பான இடம்.

சங்கக் கூட்டம் பெரித் வீட்டில் நடந்தது, நானும் போனேன். நம் ஊர்ச் சண்டை எப்படி என்று உனக்குத் தெரியும், யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள், எல்லோரும் தட்டிலிருக்கிற வாஃபிள் அப்பத்தையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். பொருளாளர் ஐவின் இருக்கிறானே, மீன்பண்ணையில் கணக்குப் பார்க்கிறவன், அவன்தான் ஆரம்பித்தான். "அருமையா இருக்கு சார், ஆனா எட்டு நிமிஷத்துக்கு மேல இந்தக் காலத்துல யாரும் உக்காந்து பாக்க மாட்டாங்க சார்" என்றான். அப்பா வாஃபிள் மேல் பழுப்புப் பால்கட்டியை மெதுவாக அடுக்கிக்கொண்டே, "எட்டு நிமிஷத்துல முட்டை வேகும் தம்பி, வானம் வேகாது" என்றார். அப்படியானால் தலை உலர்த்தும் எந்திரத்தைப் பிடித்துக் காயவைக்கலாமே என்று அவன் கேட்டதுதான் தாமதம், அப்பாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "மேகத்துக்கு முடி அலங்காரமா பண்ணச் சொல்றே?" என்றார். பெரித் அவசர அவசரமாக எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வீடியோவை இரண்டாக வெட்டுவது. முதல் துண்டில் வானம், பதினைந்து நிமிடம். பிறகு எழுந்து போய் உங்கள் தாள் காயும்வரை காப்பி குடியுங்கள் என்று சொல்லிவிடுவது. இரண்டாம் துண்டில் மரம், அதுவும் பதினைந்து நிமிடம். இரண்டாம் துண்டையும் ஆட்கள் பார்த்தால் குளிர்காலம் முழுக்க அப்பாவின் பாடம், பார்க்காவிட்டால் ஓஸ்லோவில் ஆயத்தமாக விற்கிற வீடியோக்களை வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஐவின் வாஃபிளைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டான்.

அப்பா சரி என்று தலையாட்டினார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், "எழுந்து போனவங்க திரும்பி வரலைன்னா என்ன பண்றது, தூரில்?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். போன வருஷமே வகுப்பின் காப்பி இடைவேளையில் ஓரிரண்டு பேர் கோட்டை மாட்டிக்கொண்டு நழுவினார்களாம், அவர் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தாராம். அதனால்தான் அந்த ஈரத்தாளை அவ்வளவு நேரம் காட்டியிருக்கிறார் பார், யாரையும் எழுந்து போக விடக்கூடாது என்று.

காய்வதைப் பற்றி அப்பா சொல்லவேண்டியதைத் தனியாக எடுத்து முதல் துண்டின் முடிவில் ஒட்டி, வியாழக்கிழமை இரண்டு துண்டையும் போட்டார்கள். முதல் துண்டை நாற்பது பேருக்கு மேல் பார்த்தார்கள், அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இரண்டாம் துண்டில் ஒரே ஒருவர். அது நான். வெள்ளி போயிற்று, சனி போயிற்று, நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அவர் தூரிகைகளையெல்லாம் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். என் ரொட்டியைப் பார்த்துக் கோணல் என்றுகூடச் சொல்லவில்லை. திட்டித் தொலையட்டும், இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டாம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் குன்வோரைப் பார்த்தேன், நம் பழைய பல் மருத்துவர். இவளும் அப்பாவின் வகுப்புக்காரி, இரண்டாம் துண்டுக்கு வராதவள்தானே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு காட் மீனை ஆராய்ந்தேன். அவளே வந்து என் கையைப் பிடித்தாள். "ஏன் தூரில், உங்க வீட்டுக்காரர் எந்தத் தண்ணியில வரையச் சொன்னாரு? நாலு நாளா காயவே மாட்டேங்குது. என் தங்கச்சி வீட்லயும் அப்படித்தான். அவரு ரெண்டாவதைத் திறக்காதீங்கன்னு சொல்லியிருக்காரே, காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படிக் காயவில்லை என்று தெரியும் என்று கேட்டேன். அவர் சொன்னபடிதான் பார்க்கிறோம், புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது என்றாள். எங்கே வைத்து வரைந்தாய் என்றேன். மாடியில் மகனுடைய பழைய அறையில் என்றாள். அங்கே வெப்பமூட்டி போட்டிருக்கிறாயா என்றேன். "மின்சாரம் விக்கிற விலைக்கா? உனக்கென்ன பைத்தியமா?" என்றாள்.

அங்கேயே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, மீன்காரர் எட்டிப் பார்த்தார். உன் அப்பா வீடியோவில் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள், கொஞ்சமாவது சில்லென்று இருந்தால் தாளுக்குள் ஈரம் இருக்கிறது, அந்தச் சில்லிப்பு போகாமல் இரண்டாம் துண்டைத் திறக்கவே திறக்காதீர்கள் என்று. அவர் கணப்பு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். நம் ஊர் ஜனமோ சூடாக்காத அறையிலும் படகுக் கொட்டகையிலும் உட்கார்ந்து வரைந்திருக்கிறது. தாள் எப்போதோ காய்ந்துவிட்டது, அறைதான் சில்லென்று இருக்கிறது. அதில் ஒருத்தருக்காவது திறந்துதான் பார்ப்போமே என்று தோன்றவேண்டாமா? ஆசிரியர் திறக்காதே என்றால் திறக்காத ஜனங்கள், வசந்தம் வரைக்கும் தினம் காலையில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

மீனை வாங்காமலேயே ஓடிவந்து சொன்னேன். அப்பா முதலில் நம்பவில்லை. குன்வோருக்கே போன் போட்டுக் கேட்டார், பிறகு பெட்டியிலிருந்த தூரிகைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். நான் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள், "செல்போனைக் கையிலயே பிடி, போதும்" என்றார். நேராக அதைப் பார்த்துச் சொன்னார்: "தாள் காஞ்சிருச்சுங்க. குளிர்றது உங்க ரூமு. அடுப்புப் பக்கம் எடுத்துட்டு வந்து உக்காருங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன்." அவ்வளவுதான். பதினொரு விநாடி. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்காகக் காது சிவந்த மனுஷர் இவர். கடைசி வார்த்தையில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது, சங்கத்தின் பக்கத்தில் போடும்போது அதை வெட்டிவிடட்டுமா என்று ஐவின் கேட்டான், வெட்டினால் நடப்பதே வேறு என்று நான் சொன்னேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எனக்குக்கூட அவர் இப்படிச் சொன்னதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவர் வரும்போதும், "தூரில், ஒரு ஆளு வந்துட்டாங்க", "தூரில், இன்னொரு ஆளு" என்று கத்திக்கொண்டே இருந்தார். முதல் துண்டைப் பார்த்தவர்களில் யாரும் விட்டுப்போகவில்லை, கூடவே புதிதாகவும் சிலர். குன்வோர் மரத்தை வரைந்து அனுப்பியிருக்கிறாள். காய்ந்த தாளிலும் முட்டைக்கோஸ்தான். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகக் கூப்பிடு, உன் அப்பாவே எடுப்பார். அவர் பேசி முடிக்கிறவரை போனை வைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள் என் கண்ணே, வேலை வேலை என்று அலையாதே, எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா தூரில்

(அப்பாவும் கையெழுத்துப் போட வருகிறேன் என்றார், மை காயட்டும் என்று நிற்கிறார்.)