தமக்கையார் வெளியே இருக்கையில் கலம் பெயரற்க

நலம் நிலைக்க. வெண்கரை நாட்டையும் அதன் ஏழு துறைகளையும் ஆளும் கோவேள் நன்னிமாறன், மருதந்துறைப் பாசறையில் நம் கலப்படை காத்து நிற்கும் ஏனாதி விடங்கன் கூத்தருக்கு விடுக்கும் ஓலை. உம் பாசறையில் நோயின்மையும், நன்னீரும், வீரர்க்கு உறக்கமும் குறைவின்றி அமைக.

காற்று வாய்த்துவிட்டது, ஆணை ஏன் இன்னும் வரவில்லை என்று மூன்று ஓலைகள் விடுத்தீர். மூன்றையும் படித்தோம். சினம் வரவில்லை. இப்போது நமக்கு எதுவும் வருவதில்லை.

நடந்ததைப் பிறர் சொல்லக் கேட்டிருப்பீர். நாம் சொல்லவும் கேளும். நம் தமக்கையார் காரிநங்கையார் பேரவை நடுவே எழுந்து, சென்ற போருக்குப் போனவரே இன்னும் திரும்பாதிருக்க இப்போர் எதற்கு என்றும், தாய்வயிறு ஒன்றாயிருக்க அறிவு தம்பிக்கு மட்டுமோ வாய்த்தது என்றும் வினவினார். அரியணை ஆசை என்றனர் அமைச்சர்கள். இருந்திருக்கலாம், நம்மினும் நன்றாக ஆண்டிருப்பார் என்பதும் மெய். அரியணையைப் பழித்தவர் ஏழு நாள் கோட்டைக்கு வெளியே தீயும் விளக்குமின்றி இருத்தல் இந்நாட்டு முறை. அவ்வாணைக்கு இலச்சினையை நாமே இட்டோம். கை நடுங்கவில்லை. அன்று உண்ட சோற்றில் உப்பிருந்ததா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள், முத்து கொணர்ந்த யூத வணிகர் எலியாசர், நாம் கேளாமலே தம் எபிரேய மறையிலிருந்து ஒன்று உரைத்தார். மோசே என்னும் தலைவரை அவர் தமக்கை மிரியாம், ஆண்டவர் உன் வாயிலாக மட்டுமோ பேசினார் என்று எதிர்த்தாராம். தொழுநோயுற்று ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே வைக்கப்பட்டாராம். மக்கள் என்ன செய்தனர் என்று கேட்டோம். அவர் உள்ளே வரும்வரை ஒரு கூடாரமும் பெயர்க்காமல் காத்திருந்தனர் என்றார். மோசே குழவியாய் ஆற்றில் கிடந்தபோது, கரையில் நின்று பார்த்துக்கொண்டவரும் அத்தமக்கையே என்று சொல்லி விடைபெற்றார்.

பழைய அரண்மனை எரிந்த ஆண்டு நமக்கு வயது இரண்டு. நம்மை முதுகில் கட்டிக்கொண்டு எரியும் உத்தரத்தின்கீழ் நுழைந்து வந்தவர் ஒன்பது வயதுக் காரிநங்கையார். அவர் இடக்கைத் தழும்பை நீரும் கண்டிருப்பீர். நாம் அதை நாளும் கண்டோம், ஆகவே மறந்தோம்.

ஏழாம் நாள் மாலை சிவிகை விடுத்தோம். அது வெறுமையாய்த் திரும்பிற்று. அனுப்பிய கையே வந்து அழைத்தாலன்றி வாரேன் என்று சொல்லியனுப்பினார். இன்று பதினோராம் நாள். தண்டனை பெற்றவரை அழைக்க முடிசூடியவன் வாயில் கடக்கலாகாது, அரியணை சிறுத்துவிடும் என்று அமைச்சர்கள் ஏடு விரிக்கின்றனர்.

ஆதலின் ஆணை. தமக்கையார் வெளியே இருக்கும்வரை ஒரு கலமும் கயிறு அவிழ்க்கலாகாது; காற்று போனால் போகட்டும். நாளைக் காலை குடையும் முடியுமின்றி நாம் வாயில் கடப்போம். அவர் உடன்வந்தால், போர் வேண்டுமா என்று அவரையும் கேட்டே அடுத்த ஓலை எழுதுவோம். வாராரெனில் நாமும் அங்கேயே இருப்போம். அதற்கு என்ன முறை என்று அமைச்சர்கள் தம் ஏட்டில் தேடிக்கொள்ளட்டும்.

இவ்வாணை நம் சொல், நம் இலச்சினை. இதை இடுகையில் கை நடுங்கிற்று. பதினொரு நாளில் நாம் உணர்ந்தது அது ஒன்றே. முத்திரை கோணியிருப்பது கண்டு போலியென ஐயுறாமல், ஆணையை நிறைவேற்றும்.