விபூதி மட்டும் வெள்ளையாக இருந்தது

என்னை ஏமாற்றிவிட்டுப் போன என் பிரியமான அண்ணனுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சித்தி என் தலையைத் தடவி, "அழாதடி, அவன் வானத்துல நட்சத்திரமா இருக்கான்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதானே என் ஆராய்ச்சி? ஹைட்ரஜன் இருக்கிறது, இரும்பு இருக்கிறது. நீ இல்லை.

ஒரு தடவை நீயே கேட்டாய். "போய்ப் பாக்காமலே அதுல இரும்பு இருக்குன்னு எப்படி பாப்பா சொல்றீங்க?" அதன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும், இரும்புக்கென்று தனிக் கோடுகள் உண்டு என்றேன். வழியில் தூசி இருந்தால் வெளிச்சம் சிவந்து நம்மை ஏமாற்றும், அதனால் நிறம் முன்பே தெரிந்த இன்னொரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்றும் சொன்னேன்.

நீ சிரித்தாய். "இது நம்ம இலை வண்ண அட்டை கதைதான்" என்று சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினாய். அதிலுள்ள பச்சைகளோடு நெல் இலையை வைத்துப் பார்த்துத்தான் யூரியா போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாய். "வெயில்ல பாத்தா நிறம் பொய் சொல்லும் பாப்பா. நம்ம நிழல்லதான் பாக்கணும்" என்றாய்.

எல்லாம் தெரிந்தவன்தானே நீ? பிறகு ஏன் கடைசி ஒரு மாதமும் நான் வீடியோ கால் போடும்போதெல்லாம் வாய்க்கால் கரைக்குப் போய், சாயங்கால வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாய்? "என்னண்ணே, மஞ்சளா தெரியறே?" என்று பெங்களூரிலிருந்து கேட்டேன். "வெயில் மூஞ்சில அடிக்குது. நீ தீசிஸ எழுது" என்றாய். நானும் நம்பினேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது கல்லீரல் முழுக்கக் கெட்டிருந்தது.

நீ போன பிறகு, அப்போது எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள். நெற்றியில் விபூதி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெயில்தான் காரணம் என்றால் விபூதியும் மஞ்சளாகியிருக்க வேண்டாமா? ஒப்பிட வேண்டியது கண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலேயே இருந்திருக்கிறது. எங்கேயோ இருக்கும் நட்சத்திரத்தை அலசுகிற மகராசி அதைப் பார்க்கவில்லை. கோபம் உன்மேலா என்மேலா என்று தெரியாமல் போனைச் சுவரில் விட்டெறிந்தேன்.

உன் மனைவியையும் நான் விடவில்லை. "காமாலைன்னு தெரிஞ்சும் கீழாநெல்லிய அரைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தீங்களா அண்ணி?" என்று கத்தினேன். "சத்தியம் வாங்கிட்டாங்க கோமதி. ஆஸ்பத்திரின்னா அவ படிப்பைப் போட்டது போட்டபடி ஓடி வந்துருவா, முடிக்கட்டும்னாங்க" என்றார். உன் உயிரைவிட என் படிப்பு பெரிது என்று உனக்கு யார் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

அதன் பிறகு நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. பட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று நாற்றுப் பறித்துவிட்டு வந்த அண்ணி, கையைக்கூடக் கழுவாமல் என் எதிரே வந்து நின்றார்.

"நீயும் விட்டுட்டா, அவங்க எதுக்குத்தான் செத்தாங்க?"



தீசிஸை முடிக்கிறேன் அண்ணே. தை அறுவடைக்குள் முடித்துவிடுகிறேன், சத்தியம். ஆனால் மன்னிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. அதைக் கேட்க நீ உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

கோபம் தீராத உன் தங்கை,
கோமதி